உள்ளங்கால் பார்க்கும் இன்சாஃப்

"சாக்ஸைக் கழட்டுங்க ஹாஜ்" என்றபடியேதான் இன்சாஃப் எந்த வீட்டுக்குள்ளும் நுழைவாள். சலாம் எல்லாம் அதற்குப் பிறகு. பெரியவர் கழற்றமாட்டேன் என்று முரண்டு பிடித்தால், கட்டிலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவளே உருவிவிடுவாள். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பாள். உள்ளங்காலை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, பேனா மூடியால் மெல்லத் தொட்டு, "இங்க தெரியுதா? இங்க?" என்று கேட்பாள். சர்க்கரை நோய்க்காரர் காலில் முள் தைத்தால் ஒரு வாரம் வரை அவருக்கே தெரியாது. இன்சாஃபுக்குத் தெரிந்துவிடும்.

கூஸ் நகரத்துக்குத் தெற்கே, கரும்புக்கொல்லைகளுக்கு நடுவே கிடக்கும் ஆறு சிற்றூர்களுக்கு அவள்தான் சுகாதார நிலையத்துப் பெண். பிறந்து நாற்பது நாள் ஆகாத பிள்ளைகளையும் அறுபது வயது தாண்டிய பெரியவர்களையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது வேலை. இடைப்பட்டவர்கள் யாராவது "எனக்குக்கூட முதுகு வலிக்குது" என்று வந்தால், "நீ பொறந்தும் ரொம்ப நாளாச்சு, கிழமாகவும் ரொம்ப நாள் இருக்கு, போய் வேலையப் பாரு" என்று அனுப்பிவிடுவாள். பள்ளிக்கூட டீச்சரை அழைப்பதுபோல எல்லோரும் அவளை அப்லா என்பார்கள். அவளைவிட முப்பது வயது மூத்தவர்களுக்கும் அவள் அப்லாதான்.

வயது நாற்பத்தேழு. கனத்த உடம்பு, கனத்த குரல். மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம், அதில் நொடிமுள் ஓடவேண்டும், இல்லாவிட்டால் அவளுக்குக் கை ஓடாது. பச்சைப் பிள்ளையின் மார்புக்கூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுவாள். அந்த ஒரு நிமிடம் வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, முதலிலிருந்து எண்ண ஆரம்பிப்பாள். பழக்க தோஷம், ஆட்டோவில் போகும்போது ஓட்டுகிறவன் மூச்சையும் எண்ணிவிடுவாள். "தம்பி, நீ சிகரெட்ட விடு" என்று முன்பின் தெரியாதவனிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

மாமியார்களுக்குப் பயப்படாத இன்சாஃப் வாத்துகளுக்குப் பயப்படுவாள். எங்கள் பக்கத்து முற்றங்களில் வாத்து இல்லாத வீடு கிடையாது. கேட்டுக்கு வெளியே நின்று, "மொதல்ல அந்தச் சைத்தானைக் கட்டுங்க!" என்று கத்துவது தெருக்கோடி வரை கேட்கும். அதைக் கேட்டதும் உள்ளே இருக்கிற பெரியவர்கள் சர்க்கரை டப்பாவை ஒளித்துவிடுவார்கள் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது.

மாத்திரை விஷயத்தில் அவள் போலீஸ்காரி. எல்லா வீட்டிலும் பழைய ஹல்வா டின் ஒன்றில் மாத்திரைகள் கிடக்கும். அதைத் தேநீர்த் தட்டில் கொட்டி, பருப்பு பொறுக்குவதுபோலப் பிரிப்பாள். "இது உங்க மாத்திரை. இது யாருது?" என்பாள். "பக்கத்து வீட்டுக்காரருது, அவருக்கு நல்லா கேட்டுச்சாம்" என்று பதில் வரும். "அவருக்குப் பிராஸ்டேட்டு, உங்களுக்கு ஏன் அது, நீங்க பொம்பள!" காலையில் போடவேண்டிய அட்டையில் பேனாவால் சூரியன் வரைவாள், இரவுக்கு நிலா. ஒரே ஓர் ஆளின் ரத்த அழுத்தத்தை மட்டும் அவளால் இதுவரை அளக்க முடியவில்லை, அவள் புருஷன். கரும்பு ரயில் தண்டவாளத்தில் கேட் அடைக்கிற வேலை அவருக்கு. இவள் பட்டையை எடுப்பதைப் பார்த்தாலே வராத ரயிலுக்குக் கேட் அடைக்கக் கிளம்பிவிடுவார்.

பிள்ளை பெற்ற வீடுகளில் அவள் போராட்டம் வேறு மாதிரி. அங்கே எதிரி சோம்புத் தண்ணீர். பிறந்த முதல் நாளே பிள்ளைக்கு வயிறு சுத்தமாகட்டும் என்று அதைப் புகட்டிவிடுவார்கள். "அந்த வயிறு இத்தனூண்டு" என்று ஒரு கொண்டைக்கடலையை எடுத்துக் காட்டுவாள். "அதுல தண்ணிய ரொப்பிட்டா பால் எங்க போகும்? உங்க தலையிலயா?" கண்ணுக்கு மை வேண்டாம், தொப்புளில் எதுவும் பூச வேண்டாம், பாலைத் தவிர எதுவும் தரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, "மத்ததெல்லாம் உங்க இஷ்டம்" என்பாள். மற்றது என்று அதற்குமேல் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

அவளுக்குச் செல்லம் என்று ஒருவர் இருந்தார் என்றால் அது ஹாஜ் பக்ரீதான். எழுபத்தெட்டு வயது. கரும்பு விவசாயி. மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் இடது பாதத்தில் ஒரு புண் வந்தது. கணுக்காலோடு எடுத்துவிட வேண்டும் என்றார்கள். இன்சாஃப் கேட்கவில்லை. டாக்டரிடம் மூன்று மாதம் தவணை கேட்டு வாங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டினாள். கொளுத்தும் வெயிலிலும் போனாள், அவள் சொந்த மகள் நிச்சயதார்த்தத்தன்றும் போனாள். புண் ஆறியது. ஹாஜ் மட்டும் மாறவில்லை. வெட்டுக் காலம் வந்தால் திருட்டுத்தனமாகக் கரும்பு கடிப்பார், தலையணைக்குக் கீழே சக்கை கிடக்கும். "நாப்பது வருஷம் நட்டு வளத்தது, எனக்கே எதிரியா அப்லா?" என்பார். "உங்களுக்கில்ல, உங்க காலுக்கு" என்பாள். சிரிப்பார்கள். அந்த வீட்டில் மட்டும் அவள் தேநீர் குடிப்பாள்.

போன வெட்டுக் காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை அதிகாலை, ஹாஜ் பக்ரீ இறந்துபோனார். மூச்சு இரண்டு நாளாகவே இழுத்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை முழுவதும் இன்சாஃப் அந்தக் கட்டிலைவிட்டு நகரவில்லை. அன்றைக்கு அவள் போகவேண்டிய வேறு ஒரு வீடும் இருந்தது.

அது ஜாபிரின் அம்மா, உம்மு ஜாபிரின் வீடு. அவர் மருமகள் நஜாத்துக்குச் சனிக்கிழமை பிள்ளை பிறந்திருந்தது, ஆண்பிள்ளை. ஞாயிறு அன்று இன்சாஃப் போய்ப் பார்த்தாள். மூக்கு நுனியை அழுத்தி விரலை எடுத்ததும் லேசான மஞ்சள் தெரிந்தது. இரண்டாம் நாளில் மஞ்சள் பெரிய அதிசயம் இல்லை, ஆனால் விட்டுவைக்கிற விஷயமும் இல்லை. "ரெண்டு மணிக்கொரு தரம் எழுப்பிப் பால் குடு. நாளைக்கு வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த நாளைக்கு அவள் ஹாஜின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். வேறு யாரையும் அனுப்பவும் தோன்றவில்லை.

செவ்வாய் முற்பகலிலேயே அடக்கம் முடிந்தது. பெண்கள் முற்றத்தில் கூடி உட்கார்ந்து அழுதார்கள். இன்சாஃப் கறுப்பில் முக்காடிட்டு ஓர் ஓரமாக இருந்தாள். யாரோ ஆறுதல் சொன்னபோது, "ரெண்டு காலோட போனாரு" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். ஒப்பாரி சொல்லும் கிழவி ஒரு பாட்டை முடித்து அடுத்ததற்கு மூச்சு வாங்கிய இடைவெளியில், பக்கத்தில் இருந்தவள் இவள் காதோரம் குனிந்தாள்.

"உம்மு ஜாபிர் வரல பாத்தியா? புள்ள பெத்த வீடு, வரமாட்டாங்க. நேத்து நான் போய்ப் பாத்தேன். ஏ அப்பா, அப்படிச் சமத்து அந்தப் புள்ள! அழுகையே இல்ல. வாத்து கத்துது, கதவு அடிக்குது, முழிக்கவே மாட்டேங்குறான். பாலுக்கு எழுப்பினாக்கூட எந்திரிக்கல."

இன்சாஃபின் அழுகை நின்றுவிட்டது. அடுத்த ஒப்பாரி ஆரம்பிக்கும்போது அவள் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். சாவு வீட்டில் பாதியில் எழுவது எங்கள் பக்கத்தில் பெரிய மரியாதைக் குறைவு. பெண்கள் முறைத்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

உம்மு ஜாபிர் வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். வெயிலில் புளிப்பதற்காக மண்தட்டுகளில் வைத்த ரொட்டி மாவுக்குக் காவல். கறுப்பு முக்காடு தெருமுனையில் திரும்பியதுமே எழுந்து, இரண்டு கையையும் நிலைப்படியின் இரு பக்கமும் ஊன்றிக்கொண்டார்.

"நில்லு! அங்கயே நில்லு இன்சாஃப். எங்கேர்ந்து வர்ற?"

"ஹாஜ் பக்ரீ வீட்லேர்ந்து."

"மய்யத்து எடுத்த வீட்லேர்ந்து நேரா எம் மருமககிட்டயா? உனக்குப் புத்தி பெசகிப்போச்சா?"

"புள்ள பால் குடிச்சானா?"

"தூங்குறான். ராசா மாதிரி தூங்குறான். லேசா மஞ்சளா இருந்துச்சு, நேத்தே நியான் லைட்டு புதுசா வாங்கித் தொட்டிலுக்கு மேல கட்டியாச்சு. ராத்திரி பகலா எரியுது. ஆஸ்பத்திரியிலயும் அதத்தானே செய்யுறாங்க? நீ போ. குளிச்சு, துணி மாத்தி, மூணு நாள் கழிச்சு வா."

சாவு வீட்டிலிருந்து வருகிறவர்கள் பிள்ளை பெற்றவளிடம் நுழைந்தால் தாய்க்குப் பால் வற்றிப்போகும் என்பது எங்களூர் நம்பிக்கை. அந்தத் தீட்டைக் கப்ஸா என்போம். இன்சாஃபுக்கு அதில் நம்பிக்கை கிடையாது, அதை வாசலில் நின்று விளக்குகிற அளவுக்கு அவள் விவரமற்றவளும் இல்லை. தவிர, உம்மு ஜாபிரின் பயம் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். நஜாத்தின் முதல் குழந்தை பெண். இரண்டாம் வாரத்திலேயே பால் வற்றி, டப்பாப் பால் புகட்டி, வயிற்றோட்டம் கண்டு, மூன்றாம் மாதம் போய்விட்டது. அந்தக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள் இன்சாஃப்தான். திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தவர் உம்மு ஜாபிர். இருவரும் அதைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொண்டதே இல்லை.

தள்ளிவிட்டு உள்ளே போக இன்சாஃபின் உடம்புக்கு ஒரு நொடி போதும். போகவில்லை. நிலைப்படிக்குப் பத்தடி தள்ளி, தெருவின் நடுவே, வெயிலில், மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் உள்ள வரல. நஜாத்த வெளிய வரச் சொல்லுங்க."

"பச்ச உடம்புக்காரிய இந்தக் குளிர்காத்துலயா?"

"கம்பளியப் போத்திக்கிட்டு வரட்டும். அவளா படியத் தாண்டி வந்து, வானத்துக்குக் கீழ, அவதான் என்னை மொதல்ல பாக்கணும். அப்படின்னா கப்ஸா புடிக்காதுல்ல? உங்க மாமியா அப்படித்தான சொல்வாங்க? ஜாபிர் பொறந்தப்ப, உங்க மாமன் சாவுக்குப் போய்ட்டு வந்த உங்க அம்மாவ அப்படித்தான பாத்தீங்க?"

வழக்கம் அதுதான், யாருக்கும் அவசரத்தில் ஞாபகம் வராது. அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "நான் வர்றேன் அத்தை. அவன் வாயே தொறக்க மாட்டேங்குறான். எனக்குப் பயமா இருக்கு."

நஜாத் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, பிள்ளையை நெஞ்சோடு அணைத்துப் படி தாண்டி வந்தாள். சொன்னபடியே முதலில் இன்சாஃபின் முகத்தை நேராகப் பார்த்தாள், பிறகு பிள்ளையை அவள் மடியில் வைத்தாள். இன்சாஃப் துணியைப் பிரித்தாள்.

நியான் வெளிச்சத்தில் எல்லாப் பிள்ளையும் வெளிறித்தான் தெரியும். அந்தக் குழல் விளக்குக்கு மருந்துக் குணமும் இல்லை, உண்மையைக் காட்டும் குணமும் இல்லை. முந்தின நாளிலிருந்து அதற்குக் கீழே கிடந்த பிள்ளையை முதன்முறையாகப் பகல் வெளிச்சத்தில் பார்த்தார்கள். நெற்றி, மார்பு, வயிறு, தொடை எல்லாம் மஞ்சள். இன்சாஃப் அந்தக் கட்டைவிரல் அளவுப் பாதத்தைத் தூக்கி, உள்ளங்காலை அழுத்தி விட்டாள். அங்கேயும் மஞ்சள், தலையிலிருந்து அவ்வளவு தூரம் இறங்கியிருந்தது. ஒரு விரலால் சுண்டினாள். பிள்ளை முகத்தை மட்டும் சுளித்தது, சத்தம் வரவில்லை.

"யா ரப்பீ!" என்றார் உம்மு ஜாபிர். நிலைப்படியிலிருந்த கைகள் தாமாகக் கீழே இறங்கின.

"கடைசியா எப்பக் குடிச்சான்?"

"விடிகால சுபுஹுத் தொழுகைக்கு முன்னாடி, ரெண்டு வாய்" என்றாள் நஜாத்.

"ஆட்டோவக் கூப்பிடுங்க. இப்பவே." பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு இன்சாஃப் சொன்னாள், "ஆஸ்பத்திரி லைட்டு வேற, உம்மு ஜாபிர். அது நீலம். பாக்குறதுக்கில்ல, வைத்தியத்துக்கு." பிறகு, யாரும் கேட்காமலே, "தப்பு என்னுதுதான். நேத்து நான் வந்திருக்கணும்" என்றாள்.

உம்மு ஜாபிர் சால்வையை எடுக்க உள்ளே ஓடினார். ஆட்டோவில் மருமகளை ஏற்றித் தானும் ஏறினார். இன்சாஃப் ஒரு காலை வைத்ததும், "நீ வேற வண்டியில வா" என்று தடுத்தார். அந்த நிலையிலும் அவருக்கு அது தோன்றியது. கரும்பு ஏற்றிப்போன ஒரு வேனை மறித்து, ஓட்டுநர் பக்கத்தில் ஏறி, இன்சாஃப் பின்னாலேயே போனாள். வழியெல்லாம் தன் மூச்சையே எண்ணிக்கொண்டு போனாளாம், அவளே பிறகு சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் முகம் இறுகியது. இன்னும் கொஞ்சம் ஏறினால் ரத்தத்தையே மாற்றவேண்டி வரும் என்றார். ஏறி மூளையைத் தொட்டுவிட்டால் காது போகும், கைகால் போகும், அல்லது பிள்ளையே போகும். கண்ணைக் கட்டி, நீல விளக்குப் பெட்டியில் படுக்கவைத்தார்கள். நஜாத் பக்கத்திலேயே உட்கார்ந்து பாலைப் பீய்ச்சிக் கொடுக்க, நர்ஸ் குழாய் வழியே இறக்கினாள். வெளி நடையின் ஒரு கோடியில் உம்மு ஜாபிர், மறுகோடியில் இன்சாஃப். நடுவில் எட்டு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

மறுநாள் பத்து மணிக்கு இன்சாஃப் திரும்பவும் போனாள். மூன்று நாள் துக்கம் முடியவில்லை, உடம்பில் அதே கறுப்பு. நேற்று உட்கார்ந்த அதே கோடியில் போய் உட்கார்ந்தாள். உம்மு ஜாபிர் அங்கிருந்தே, காலி நாற்காலிகளைத் தாண்டிக் குரல் கொடுத்தார்.

"எறங்கிடுச்சாம். ரத்தம் மாத்த வேண்டாமாம்."

"அழுதானா?"

"அழுதானாவா? விடிஞ்சதுலேர்ந்து ஆஸ்பத்திரியையே தூக்கிட்டுப் போறான். நர்ஸு காதப் பொத்திக்கிட்டு ஓடுது." சொல்லிக்கொண்டே உம்மு ஜாபிர் எழுந்தார். ஒவ்வொரு நாற்காலியாகப் பிடித்துக்கொண்டு நடந்துவந்து, இன்சாஃபின் எதிரே நின்றார். தூங்காத கண்கள் சிவந்திருந்தன. "இப்பத்தான் பொட்டியிலேர்ந்து எடுத்து மடியில குடுத்திருக்காங்க. தானா குடிக்கிறான். போ, போய்ப் பாரு."

"வேண்டாம். இங்கேயே இருக்கேன்."

"போடீன்னா! நான் சொல்றேன்ல? பக்ரீ வீட்டு அழுகையப் பாதியில விட்டுட்டு வந்தவ நீ. எம் பேரனுக்காக வந்தவ. உனக்கு எந்தக் கதவும் அடைக்கல. போ."

இன்சாஃபின் கண் நிறைந்துவிட்டது. முந்தின நாள் முற்றத்தில் நின்றுபோன அழுகை அப்போதுதான் வந்தது. முக்காட்டு முனையால் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வார்டின் கதவு பாதி திறந்திருந்தது. வலது காலை உள்ளே வைத்தாள்.

நஜாத் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். பிள்ளையின் கண்கட்டு நெற்றிக்கு ஏறிக் கோணலாகக் கிடந்தது, கன்னம் குழிந்து குழிந்து இழுத்துக்கொண்டிருந்தான், விழுங்குகிற சத்தம் வாசல் வரை கேட்டது. நஜாத் நிமிர்ந்தாள். கதவில் கறுப்பைக் கண்டதும் அவள் கை, அவளை அறியாமலே, பால் கொடுக்கும் மார்பின்மேல் சால்வையை இழுத்து மூடியது. மறுகணம் யாரென்று தெரிந்து, வெட்கப்பட்டுச் சிரித்தாள். "வாங்க அப்லா" என்றாள். கை மட்டும் சால்வையைவிட்டு நகரவில்லை.

"குடிக்கட்டும் கண்ணு, குடிக்கட்டும்" என்றாள் இன்சாஃப். உள்ளே வைத்த வலது காலைச் சத்தமில்லாமல் எடுத்து, வாசலுக்கு வெளியே இடது காலின் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.